குழந்தை நட்சத்திரம் வளர்ந்த பிறகு: நடிப்பு, பாட்டு, தொகுப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

திரையிலோ தொலைக்காட்சியிலோ பால்மணம் மாறாத வயதில் தோன்றி, கடைத்தெருவில் கண்டவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அறிமுகமாகிவிட்ட பிள்ளையைக் குழந்தை நட்சத்திரம் என்கிறோம். அப்படிப் பெயர் பெற்ற சிறுமி வளர்ந்து கதாநாயகியாகி, சில பாடல்களைத் தானே பாடி, பிறகு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறவராகவும் ஆகும்போது, அந்த வளர்ச்சி முழுவதையும் பத்திரிகைகள் ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகின்றன. அந்த வரியைப் படிக்கிறவருக்கு, ஒன்று கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக வந்து சேரும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நடிப்பு, பாட்டு, நிகழ்ச்சித் தொகுப்பு ஆகிய மூன்றும் தனித்தனித் தொழில்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சியும் தனி உழைப்பும் வேண்டும். சிறு வயதில் கிடைத்த புகழ் இம்மூன்றில் எதையும் கற்றுத் தருவதில்லை. அந்தப் புகழ் இருக்கும்போதும் அது வடிந்த பிறகும் பிள்ளை எதைக் கற்றாள் என்பதே பின்னாளில் அவளுக்குக் கைகொடுக்கிறது.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கும் பரத வகுப்புக்கும் அனுப்புகிற பெற்றோர் பலர், இன்று அந்த வகுப்பின் அடுத்த கட்டமாகத் தொலைக்காட்சித் தேர்வையே நினைக்கிறார்கள். உழவன் விரைவு வண்டியில் இரவோடு இரவாகச் சென்னைக்குப் போய், குரல் தேர்வு வரிசையில் பகல் முழுவதும் நின்று, மறுநாள் இரவு திரும்பி வருகிற குடும்பங்கள் இங்கே அரிதல்ல. அவர்களுடைய ஆசையில் குற்றம் இல்லை. அந்தப் பாதை எப்படிப்பட்டது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லாததுதான் குறை.

முதலில், ஒரு குழந்தை நட்சத்திரத்திடம் திரையுலகம் எதை எதிர்பார்க்கிறது என்று பார்ப்போம். பெயருக்கு முன்னால் "பேபி" என்றோ "மாஸ்டர்" என்றோ போடுவது தமிழ்த் திரையின் பழைய வழக்கம். அந்த அடைமொழியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: திரை வேண்டுவது அந்த வயதை. மழலை, துறுதுறுப்பு, பெரியவர் போலப் பேசும் அழகு ஆகியவையே அங்கே மதிப்பு. காட்சியில் என்ன செய்ய வேண்டும் என்பதை இயக்குநர் நடித்துக் காட்டுவார். பிள்ளை அதை அப்படியே திருப்பிச் செய்யும். பாட்டும் பெரும்பாலும் வேறொருவர் குரலில் இருக்கும். 1960இல் வெளிவந்த 'களத்தூர் கண்ணம்மா'வில் சிறுவன் கமல்ஹாசன் பாடுவதாக வரும் பாடலைப் பாடியவர், அப்போது நன்கு வளர்ந்த பெண்மணியான எம்.எஸ். ராஜேஸ்வரி. பார்வையாளர்கள் உருகியது சிறுவனின் முகத்துக்கும் வேறொருவரின் குரலுக்கும் சேர்த்துத்தான். வயது ஏறியதும் அந்த வேலைக்கு இன்னொரு பிள்ளை வந்துவிடும். இதில் யாருடைய கொடுமையும் இல்லை. அந்த வேலையின் அமைப்பே அப்படி.

காவிரிப் படுகைக்கு இது புதிய செய்தியும் அல்ல. சினிமா வருவதற்கு முன்பே சிறுவர்களை மேடையேற்றிய பாய்ஸ் கம்பெனிகள் இப்பகுதி ஊர்களில் மாதக்கணக்கில் முகாமிட்டு நாடகம் நடத்தின. கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எம்.ஜி. ராமச்சந்திரன், வீட்டு வறுமையின் காரணமாக அண்ணன் சக்கரபாணியுடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது அப்படித்தான். அந்தக் கம்பெனிகளில் பிள்ளைக்குப் பாலபார்ட், பெண் வேடத்துக்கு ஸ்திரீபார்ட், தலைமை வேடத்துக்கு ராஜபார்ட் என்று வரிசை இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைந்து மகரக்கட்டு வந்துவிட்டால், அதுவரை பாடிக் கைதட்டு வாங்கிய சிறுவன் பாட முடியாமல் போவான். அந்தக் கட்டத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும் கம்பெனியும் இருந்தது. வேறு வேடம் கொடுத்தோ, திரைக்குப் பின்னால் வேலை கொடுத்தோ வைத்துக்கொள்ளும் கம்பெனியும் இருந்தது. வாழ்க்கை கடினமானது, அடியும் உதையும் சாதாரணம். ஆயினும் வசனம், பாட்டு, சிலம்பம், ஒப்பனை என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டே வளர்ந்ததால், தங்கி நின்றவனுக்குக் கையில் ஒரு தொழில் இருந்தது.

இதைவிட மென்மையான ஏற்பாடு ஒன்றைத் தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் இன்றும் பார்க்கலாம். அங்கே நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இரவு முழுவதும் நடக்கும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகத்தில், தொடக்கத்தில் விநாயகர் வருவார். ஊர்ச் சிறுவன் ஒருவன் யானை முகமூடி அணிந்து வந்து ஆடி, அருள் தந்துவிட்டுப் போவான். முகமூடி இருப்பதால் அவன் முகம் யாருக்கும் தெரியாது. மேடை எப்படி இருக்கும், மேளத்துக்கு எப்படிக் கால் வைக்க வேண்டும், கூட்டம் எதிரே இருக்கும்போது மூச்சு எப்படி நிற்கும் என்பதெல்லாம் அவனுக்கு அன்றே தெரிந்துவிடும். புகழ் மட்டும் அவனைத் தொடாது. பேசுவது, பாடுவது, ஆடுவது மூன்றையும் ஒரே நடிகரே செய்ய வேண்டிய மரபு அது. ஆகவே அங்கு வளர்கிற பிள்ளை வேடத்துக்கு வேடம் கற்றுக்கொண்டே பெரியவனாகிறான். குழந்தைக் கலைஞனை வளர்ப்பதில் இதைவிட நிதானமான முறை ஒன்றை நான் அறிந்ததில்லை.

இனி ஒரு வாழ்க்கையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். மனோரமா 1937இல் மன்னார்குடியில் பிறந்தவர். தாயார் அவரை எடுத்துக்கொண்டு காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூருக்குக் குடிபெயர்ந்தார். குடும்ப நிலையால் படிப்பு சிறு வயதிலேயே நின்றுபோக, பன்னிரண்டு வயதளவில் நாடக மேடைக்கு வந்தார். திரையில் முதல் படம் 1958இல் வெளிவந்த 'மாலையிட்ட மங்கை'. 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. அதன் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், சொந்தக் குரலில் பல பாடல்கள், 'புதிய பாதை' படத்துக்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபரில் மறையும் வரை அவர் தமிழ்நாட்டுக்கு ஆச்சி.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, திரைக்கு வரும் முன் அவர் மேடையில் கழித்த ஆண்டுகள்தான். நாடக மேடையில் மறு பதிவு கிடையாது. ஒலிபெருக்கி கரகரத்தாலும் கடைசி வரிசைக்கு வசனம் கேட்க வேண்டும். எதிரே நிற்பவர் வசனத்தை மறந்தால் தானே ஒரு வரி போட்டுக் காட்சியை நகர்த்த வேண்டும். பாட்டு வந்தால் பாட வேண்டும். நகைச்சுவைக்கு வேண்டிய காலக்கணிப்பும், வட்டார வழக்குகளைப் பிசிறில்லாமல் பேசும் நாக்கும், பக்கவாத்தியத்துக்கு இணையாக நிற்கும் குரலும் அங்கே ஊறியவை. சிறு வயதில் அவருக்குக் கிடைத்தது பயிற்சி. பெரிய புகழ் பிறகுதான் வந்தது. இந்த வரிசைதான் அவருக்கு நன்மை செய்தது என்பது என் எண்ணம்.

மயிலாடுதுறையில், அன்றைய மாயவரத்தில், 1934இல் பிறந்த குமாரி கமலாவின் வரலாறு இன்னொரு பாடம். வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதம் பயின்ற அவர், 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதியார் பாடல்களுக்கு ஆடியபோது பதின்பருவத்தின் தொடக்கத்தில் இருந்தார். அதில் ஆட்டம் அவருடையது, பாட்டு டி.கே. பட்டம்மாளுடையது. தமிழ்த் திரையில் 1930களின் இறுதியில் தலைகாட்டிய பின்னணிப் பாடல் முறை பிறகு வேரூன்றியதும், முகமும் குரலும் இப்படிப் பிரிந்தன. அதற்கு முன், பாட வராதவருக்குப் படத்தில் இடமே இல்லை. பிரிந்த பிறகு, நடிகை பாட வேண்டிய கட்டாயம் நீங்கியது. பாடும் நடிகை என்பது தனிச் சிறப்பாகிவிட்டது. கமலாவோ பட வாய்ப்புகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. கையில் பரதக் கலை முழுதாக இருந்ததால் மேடைக் கலைஞராகவும் பின்னர் ஆசிரியராகவும் நெடுங்காலம் வாழ்ந்தார். 1970இல் பத்மபூஷண் பெற்றார்.

பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் அதிகம் ஏமாந்துபோகும் இடம் அது. ஆண் பிள்ளைக்கு மகரக்கட்டு வருவது எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளையின் குரலும் பதினொன்று, பன்னிரண்டு வயதிலிருந்து மாறத் தொடங்கும். ஆனால் அது ஆண் குரல்போலத் தடாலென்று கீழே இறங்காததால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. குரலில் காற்றுக் கலந்ததுபோல் இருக்கும். மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ஸ்தாயியின் 'ஸ'வில், போன வருடம் அசையாமல் நின்ற குரல் இந்த வருடம் நடுங்கும். மூச்சு சீக்கிரம் தீரும். ஆறு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) பாடிக்கொண்டிருந்தவள் ஐந்தரையில்தான் நிம்மதியாகப் பாடுகிறாள் என்றால், சுருதிப் பெட்டியை ஐந்தரைக்குக் குறைத்துவிட்டு, மந்திர ஸ்தாயி எனும் கீழ் ஸ்தாயியில் நிதானமாகச் சாதகம் செய்ய வைப்பது நல்ல ஆசிரியரின் வழி. ஆனால் போட்டி மேடையில் பெயர் வாங்கிய பிள்ளை, பெயர் வாங்கித் தந்த அதே பாட்டை அதே சுருதியில் எல்லாக் கோயில் திருவிழாவிலும் பாட வேண்டியிருக்கிறது. தொண்டையை அழுத்தி எட்டிப் பிடிக்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது. வந்தால் எளிதில் போகாது.

இரண்டாவது சிக்கல், கேட்டுப் பாடுவதற்கும் கற்றுப் பாடுவதற்கும் உள்ள தூரம். குழந்தைகள் அசலை அப்படியே திருப்பிப் பாடுவதில் வல்லவர்கள். சங்கதி எனப்படும் மெட்டின் நுணுக்க மாற்றங்கள், மூச்சு எடுக்கும் இடம், அசல் பாடகியின் சிரிப்பு உட்பட எல்லாம் வந்துவிடும். திரையிசைக் கூடத்தில் வேலை வேறு. அங்கே யாரும் இதுவரை பாடாத மெட்டைச் சில நிமிடங்களில் பிடித்து, இசையமைப்பாளர் கேட்கும் பாவத்தில், ஒலிவாங்கியிலிருந்து சரியான தூரத்தில் நின்று பாட வேண்டும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று தொடக்கப் பாடங்களைப் பொறுமையாகப் படித்த பிள்ளைக்கு ஸ்வரம் காதில் பதிந்திருப்பதால் புது மெட்டு அச்சுறுத்தாது. மாவட்ட அரசு இசைப்பள்ளியும் திருவையாற்று அரசு இசைக் கல்லூரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் பகுதிக்கு இந்தப் படிப்பு எட்டாக்கனி அல்ல. தை மாதத்தை ஒட்டி வரும் தியாகராஜ ஆராதனையில், பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பெரியவர்களோடு தரையில் அமர்ந்து பாடும் பிள்ளைகளைக் கவனியுங்கள். கூட்டத்தின் குரலோடு தன் குரலைச் சேர்த்துப் பாடப் பழகுவது எந்தப் போட்டியும் தராத பயிற்சி.

சொந்தக் குரலில் ஒரு பாட்டாவது பாடிவிட வேண்டும் என்ற ஆசை திரைக்கு வந்த குழந்தைகளுக்கு இருக்கத்தான் செய்யும். 1983இல் மலையாளத்தில் அறிமுகமாகி, பேபி ஷாலினியாக வீடுதோறும் தெரிந்திருந்த ஷாலினி, 1997இல் 'காதலுக்கு மரியாதை'யில் கதாநாயகியாக வந்து, 1999இல் 'அமர்க்களம்' படத்துக்காகத் தானே ஒரு பாட்டும் பாடினார். திருமணத்துக்குப் பிறகு திரையிலிருந்து விலகிவிட்டார். விலகியதை வீழ்ச்சி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எந்தத் தொழிலிலிருந்தும் ஒருவர் தம் விருப்பப்படி விலகலாம்.

தொகுப்பாளர் வேலைக்கு வருவோம். சிரித்த முகமும் தெளிவான உச்சரிப்பும் இருந்தால் போதும் என்றே பலர் நினைக்கிறார்கள். மேடையில் நிற்பவரின் காதில் ஒரு சிறு கருவி இருக்கும். எதிரே விருந்தினர் தம் தந்தையின் மறைவைப் பற்றிக் கண்கலங்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, விளம்பர இடைவேளைக்கு இன்னும் சில விநாடிகளே உள்ளன என்று கட்டுப்பாட்டு அறை அந்தக் கருவியில் சொல்லும். பேச்சை வெட்டாமல், கலங்கியவரைச் சங்கடப்படுத்தாமல், சரியான விநாடியில் இடைவேளைக்குக் கொண்டுபோக வேண்டும். விளக்கு அணைந்தாலும் போட்டியாளர் வர தாமதமானாலும் அந்த வெற்றிடத்தைப் பேச்சால் நிரப்ப வேண்டும். நடிகை எழுதிக் கொடுத்த வசனத்தைத் தன்னுடையதாக்குகிறார். தொகுப்பாளர் தன்னை ஒதுக்கி வைத்து அடுத்தவரைப் பேச வைக்கிறார். சிறு வயதிலிருந்து எல்லோரும் தன்னையே பார்த்துப் பழகிய ஒருவருக்கு இது எளிதில் வராது.

இந்தத் திறமைகள் அனைத்தையும் ஒருவரிடமே சேர்த்த கலை ஒன்று தஞ்சையில் உருப்பெற்றது: கதாகாலட்சேபம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர், மராட்டியக் கீர்த்தன மரபைத் தமிழ்நாட்டு இசை மரபோடு இணைத்து அதற்கு வடிவம் தந்தார். கையில் தாளம் போடச் சப்ளாக்கட்டை, பக்கத்தில் மிருதங்கம். பாகவதர் கதை சொல்வார், இடையில் பாடுவார், பாத்திரங்களாக மாறி நடிப்பார், கூட்டம் சோர்ந்தால் ஒரு கிளைக்கதையால் நிமிர்த்தி மறுபடி மூலக்கதைக்குத் திரும்புவார். ஆண்களே செய்துவந்த இக்கலையில் சி. சரஸ்வதி பாய் துணிந்து நுழைந்து பெண்களுக்கு வழி திறந்தார். நடிகை, பாடகி, தொகுப்பாளர் என்று நாம் இன்று மூன்றாகப் பிரித்துச் சொல்வது அன்றைய பாகவதருக்கு ஒரே மாலையின் வேலை. தொகுப்பாளராக விரும்பும் பிள்ளைக்கு ஒரு நல்ல கதாகாலட்சேபத்தை முழுதாக உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இடைப்பட்ட ஆண்டுகள்: ஏறத்தாழ பதினொன்று முதல் பதினேழு வரை. குழந்தை வேடத்துக்கு வயது மிஞ்சிவிடும்; கதாநாயகி வேடத்துக்கு வயது போதாது. நாற்றங்காலில் நாள் கடந்து முதிர்ந்துவிட்ட நாற்றைப் பிடுங்கி நட்டால் தூர் கட்டாது என்பது நம் ஊரில் வயல் இறங்கிய எவருக்கும் தெரியும். அதுபோலக் குழந்தை வேடத்திலேயே தேங்க வைக்கப்பட்ட கலைஞரும் அடுத்த பருவத்தில் வளர்வது கடினம். கமல்ஹாசன் இந்த ஆண்டுகளை எப்படிக் கழித்தார் என்று பாருங்கள். குழந்தைப் படங்கள் நின்றதும் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவில் சேர்ந்தார், நடனம் கற்றார், நடன உதவியாளராக வேலை பார்த்தார். 1975இல் 'அந்தரங்கம்' படத்தில் பாடினார். 2017இல் தமிழ் பிக் பாஸ் நிகழ்ச்சியின் தொகுப்பாளரானார். குழந்தை, நடிகர், பாடகர், தொகுப்பாளர் என்ற அந்தப் பயணத்தின் நடுவே, முகம் திரையில் தெரியாமல் கற்றுக்கொண்டே இருந்த காலம் ஒன்று உண்டு. ஸ்ரீதேவிக்கு அந்த இடைவெளியே கிடைக்கவில்லை. 1976இல் 'மூன்று முடிச்சு' வெளிவந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. அவருடைய திறமை அதைத் தாங்கியது. அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்மாதிரியாக வைப்பது சரியல்ல.

வரிசை மாறியும் வரலாம். மலையாளத்தில் 2006இல் 'பளுங்கு' படத்தில் சிறுமியாக நடித்த நஸ்ரியா, அடுத்துத் தொலைக்காட்சி இசைப் போட்டியின் தொகுப்பாளராகி, 2013இல் 'நேரம்', 'ராஜா ராணி' படங்களில் நாயகியாகி, அதற்கடுத்து மலையாளப் படங்களில் பாடவும் செய்தார். தொகுப்புப் பணி அவருக்கு இடைப்பட்ட ஆண்டுகளை நிரப்பியது.

கடைசியாகச் சட்டமும் பணமும். அமெரிக்காவில் 1921இல் சாப்ளினுடன் 'தி கிட்' படத்தில் நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன், வளர்ந்தபின் தன் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி செலவழிந்துபோனதை அறிந்து, 1938இல் தாயார்மீதே வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் வந்தது. நம் நாட்டில் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிறையாதவரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்துவிட்டு, திரைப்படம், தொலைக்காட்சி போன்றவற்றில் கலைஞராகப் பங்கேற்பதற்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கிறது. அந்த நிபந்தனைகளை 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன் அனுமதி பெற வேண்டும்; அதாவது மயிலாடுதுறைப் பிள்ளை சென்னையில் நடித்தால் அனுமதி சென்னையில் பெற வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது. பள்ளிப் படிப்பு தடைபடக் கூடாது. பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்ய வைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும்.

பதினெட்டு வயது வரை பிள்ளை தானாக ஒப்பந்தம் செய்ய முடியாது, கையெழுத்திடுபவர் பெற்றோர். ஆகையால் கேள்வி கேட்க வேண்டியவரும் பெற்றோரே. ஆட்சியரின் அனுமதி பெறப்பட்டுள்ளதா, படப்பிடிப்பில் பிள்ளைக்குப் பொறுப்பாளர் யார், பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தேதி கேட்பார்களா, நிகழ்ச்சி முடிந்தபின் எத்தனை காலம் வேறு மேடையில் பாடக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வைப்புத்தொகை ரசீதையும் வாங்கி, கணக்குப் புரியும் வயது வந்ததும் மகளின் கையிலேயே கொடுத்து விளக்கிச் சொல்லுங்கள்.